மார்க்கு நானாவின் இருபத்தோராவது கேள்வி

மார்க்கு நானாவிடம் பொய் சொல்லித் தப்பியவர் மாத்தளையில் பிறந்ததில்லை. புற்றுநோயிடம் தப்பியவர்கள்கூட அவரிடம் தப்பவில்லை.

அவர் ஆஸ்பத்திரி கிளார்க். புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்து வீடு திரும்பியவர்களைத் தேடி, ரோனியோ மெஷினில் நகலெடுத்த படிவத்தோடு வருவார். இருபது கேள்விகள். தலை சீவ ஏலுமா, வாளி தூக்க ஏலுமா என்று போகும். ஏலாது என்றால் பூச்சியம், தனியாகச் செய்தால் நான்கு. அதனால் மார்க்கு நானா; முஸ்லிம் பெரியவர்களை எங்கள் ஊரில் நானா என்போம். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆனால் கேள்வி கேட்பது அவர் வேலை என்பதால் நாங்கள் கேட்கவில்லை.

மற்ற கிளார்க்குகள் வாசலில் நின்றே கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். நானா செய்துகாட்டச் சொல்வார். படிவமோ வெளிநாட்டில் தயாரானது. "கோட்டைத் தானாக அணிய முடியுமா?" என்றிருந்ததை வெட்டிவிட்டு, "சேலைத் தலைப்பைத் தோளில் போட ஏலுமா?" என்று எழுதிக்கொண்டார். தான் மாற்றி எழுதிய கேள்விகள் நியாயமானவைதானா என்று பார்க்க எல்லாவற்றையும் தானே முதலில் செய்வார். தேங்காய் திருவ ஏலுமா என்ற கேள்விக்காக எங்கள் திருவலையில் உட்கார்ந்து அரைமூடித் தேங்காயோடு கால்மணி நேரம் போராடி, விரலையும் சேர்த்துத் திருவிக்கொண்டு, தனக்கு ஒரு மார்க்குப் போட்டுக்கொண்டார்.

"எனக்கு நோய் வருத்தம் ஒண்டும் இல்ல மகள். ஆனாலும் மார்க்கு ஒண்டுதான். உள்ளத எழுதத்தானே வேணும்."

எனக்கு வலது மார்பில் ஆபரேஷன். கை தோளுக்கு மேல் எழும்பாது. பத்து மாதப் பையனை வஹகோட்டையில் அக்கா வீட்டில் விட்டிருந்தோம். "கை தேறின பிறகு பிள்ளையைத் தூக்குங்க" என்றார் டாக்டர். எப்போது தேறும் என்று அவர் சொல்லவில்லை. கேட்டால் என்ன நினைப்பாரோ என்று நானும் கேட்கவில்லை. எண்பதுக்கு எண்பது கிடைத்தால் பையனைக் கூட்டி வரலாம் என்று நானாகவே முடிவுகட்டினேன். பள்ளிக்கூடத்தில் முழு மார்க்கு வாங்கிப் பழகியவள். இது பரீட்சை இல்லை என்பது எனக்குத் தோன்றவேயில்லை. இருபதுக்கும் "ஏலும்" என்றேன்.

நானா படிவத்தை மடித்தார்.

"நல்லது மகள். தாகமா ஈக்குது. பைப்புல ஒரு வாளி புடிச்சித் தாங்க."

"ஒரு கிளாஸ் போதாதுங்களா நானா?"

"எனக்கு வாளித் தாகம்."

பாதி முற்றத்தில் வாளி விழுந்தது. நானாவின் செருப்பு மிதந்து போயிற்று. நான் அழுதுகொண்டே காரணத்தைச் சொன்னேன். அவர் படிவத்தை விரித்து முதலிலிருந்து கடைசிவரை படித்தார்.

"கோட்டு கேட்டிருக்கான், கத்தி முள்ளுக்கரண்டி கேட்டிருக்கான். புள்ளயத் தூக்க ஏலுமான்னு கேக்கல்லையே. இத எழுதினவன் வீட்டுல புள்ளகுட்டியே இல்லயா?"

அடியில் கையால் எழுதினார்: 21. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலை செய்ய ஏலுமா?

"மகன் எத்தன றாத்தல் பாரம்?"

"பதினெட்டு நானா. இல்ல, பதினேழா இருக்கும். அக்கா கடுதாசியில பதினெட்டுன்னுதான்..."

"பதினெட்டுன்னே வைப்போம். புள்ள பாரம் கூடினா நல்லதுதானே."

அடுத்த வாரம் ஒரு வட்டக்காயோடு வந்தார். பூசணியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். டாக்டரிடம் கேட்டு, இரண்டு றாத்தலில், அதாவது ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவில், தொடங்கச் சம்மதம் வாங்கியிருந்தார். பிறகு வாரம் ஒன்று, முந்தியதைவிடப் பெரியது. தம்புள்ளையிலிருந்து வரும் லொறிகளை மறித்து, தராசில் வைத்துப் பார்த்துத்தான் எடுப்பாராம். கறிக்கா என்று கேட்ட லொறிக்காரரிடம், "இல்ல, இது புள்ள" என்றாராம்.

வட்டக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் முற்றம் கூட்டுவேன். நானாவுக்கு அதுவும் திருப்தியில்லை.

"புள்ள இப்பிடி அடங்கி ஈக்குமா?" என்று பக்கத்தில் வந்து காயைப் பிடித்து ஆட்டி, குழந்தை மாதிரி வீறிட்டு அழுவார்.

எதிர்வீட்டு அம்மா வேலியோரம் வந்தார். "ஏன்டி, காய்க்குப் பேரு வச்சாச்சா?"

"நீங்களும் தூக்கிப் பாருங்க. மார்க்கு போடுறேன்" என்றார் நானா, திரும்பாமலே. அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

ஒவ்வொரு வாரப் பிள்ளையும் மறுநாள் கறியாகிவிடும். "பையன் வந்தாலும் பழக்கதோஷத்துல நறுக்கிப்புடாதே" என்றார் என் கணவர்.

பதினெட்டு றாத்தல் காயோடு முற்றம் முழுவதும் கூட்டி முடித்த அன்று நானா, "வட்டக்காய்க்கு நாலு. புள்ளைக்கு, புள்ள வந்த பொறகு. அக்காவுக்குக் கடுதாசி போடுங்க" என்றார்.

"இன்னைக்கு ஏலுது நானா. நாளைக்கு ஏலாமப் போனா?"

"நாளைக்கு ஏலாட்டி நாளைக்குப் பூச்சியம் போடுறேன். இன்னைக்கு மார்க்க இன்னைக்கு எடுங்க மகள்."

வஹகோட்டை அக்கா என் பையனோடு பஸ்ஸில் வந்து இறங்கினாள். நானா படிவத்தோடு காத்திருந்தார். பையனை வாங்கி இடுப்பில் வைத்தேன். அவனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எந்த வட்டக்காயும் உதைக்காத உதை உதைத்தான். விட்டுவிடுவேனோ என்று பயந்தேன், கை விடவில்லை. மார்க்குப் போட நானா கிட்டே வந்ததும், அவன் அழுகையை நிறுத்திவிட்டு அவருடைய பேனாவைப் பற்றிக்கொண்டான். நானா மெதுவாக இழுத்தார். கொஞ்சம் பலமாகவும் இழுத்தார்.

"பேனாவ வாங்க ஏலாது. எனக்குப் பூச்சியம்" என்று சொல்லி, பேனாவை அவனிடமே விட்டுவிட்டு நடந்தார்.

இருபத்தோராவது கட்டம் வெறுமையாகவே போயிற்று. மார்க்குப் போடாமல் நானா திரும்பிப் போன வீடு மாத்தளையிலேயே எங்களுடையது ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். அப்படி இல்லையென்றால், தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்குச் சொல்ல வேண்டாம்.