நூலகத்தில் உட்கார்ந்திருந்த ஜனாதிபதி

மினசோட்டா,
ஜனவரி 21

அன்புள்ள தம்பி ரோல்ஃபுக்கு,

அண்ணன் ஹால்வர் எழுதுவது. நான் இங்கே நலம். என் மூக்கும் நலமா என்பது பனி உருகிய பிறகு தெரியும். நீயும் லூவெல்லாவும் அரிசோனா வெயிலில் அரைக்கால் சட்டையோடு சௌக்கியமாக இருப்பீர்கள் என்று கொஞ்சம் பொறாமையுடன் நம்புகிறேன்.

இந்தக் கடிதத்தில் உள்ள எதுவும் உன் மகள் மாரிட்டின் காதுக்குப் போகக் கூடாது. பனியில் வழுக்கிக் கால் முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருக்கும் பெண், தன் ஐந்தாம் வகுப்பை, ஓய்வுபெற்ற வாத்தியாரான என்னை நம்பி மூன்று வாரத்துக்கு விட்டிருக்கிறாள். நேற்று மாலை போனில், "பதவியேற்புப் பாடம் எப்படிப் போச்சு பெரியப்பா?" என்றாள். "ஒரு குறையும் இல்லம்மா, அருமையாப் போச்சு" என்றேன். அது அப்படியே இருக்கட்டும்.

அவள் வகுப்புச் சுவரில் ஒரு தொடுதிரைப் பலகை இருக்கிறது. பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் டேப் என்கிற ஒரு சிலேட்டுக் கணினி. கேள்வி கேட்டால் பிள்ளைகள் டேப்பில் அமுக்குவார்கள். யார் எதை அமுக்கினார்கள் என்று தெரியாமல், எத்தனை பேர் என்பது மட்டும் பலகையில் கம்பம் கம்பமாக எழும்பும். மாரிட் இரண்டு வருடம் மன்றாடி வாங்கிய பலகை அது. பள்ளிக் குழுவில் திருமதி ஆஸ்ட்ராண்டர் என்று ஓர் அம்மாள். பக்கத்து ஊரில் ஆசிரியையாக இருந்தவர். சாக்பீஸ் போதும் என்ற கட்சி. நேற்று அவர் வந்து பார்ப்பதாக இருந்தது. வேண்டாம் என்றால் ஜூனில் பலகையைச் சுவரிலிருந்து கழற்றி விடுவார்கள். புரிகிறதா ரோல்ஃப்? உன் மகளின் இரண்டு வருட உழைப்பு, சாக்பீஸைத் தவிர வேறெதையும் பிடித்தறியாத என் விரலில் இருந்தது.

ஜனாதிபதித் தேர்தலையும் பதவியேற்பையும் வகுப்பிலேயே நடித்துக் காட்டுவதுதான் பாடம். வாக்களிப்பது எப்படி என்பதை ஓர் உதாரணத்தோடு தொடங்கினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிட்சாவா, உருளைக்கிழங்கு கேசரோலா என்று கேட்டேன். அமுக்கினார்கள். அழகாக விளங்கிவிட்டது. பிறகு அடுத்த ஜனாதிபதி யார் என்று கேட்டேன். பழைய கேள்வியை அழித்துவிட்டுக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. கதவைத் திறந்துகொண்டு திருமதி ஆஸ்ட்ராண்டர் உள்ளே வரவும், பலகையில் கொட்டை எழுத்தில் "புதிய ஜனாதிபதி: பிட்சா" என்று வந்து வாணவேடிக்கை வெடிக்கவும் சரியாக இருந்தது.

"சார், பிட்சாவுக்குச் சத்தியம் செய்ய வலது கை கிடையாதே" என்றான் காஸ்பர். ஜனாதிபதிக்குச் சத்தியம் செய்து வைக்கும் தலைமை நீதிபதி வேடம் அவனுக்கு. அந்த அம்மாள் பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார்.

மறுதேர்தல் நடத்தினோம். தோரா என்ற பெண் ஜெயித்தாள். இலையுதிர் காலத்திலிருந்து வகுப்புத் தலைவனாக இருக்கும் டெல்மர் தோற்றான். அவனைப் பதவி விலகும் ஜனாதிபதியாக்கி, என் சுழல் நாற்காலியில் உட்கார வைத்தேன். அடுத்தது வெண்டல். மந்திரிகள் எல்லோரும் ஓரிடத்தில் கூடும்போது ஒருவரை மட்டும் வேறெங்காவது தனியாக உட்கார வைப்பார்கள் இல்லையா, கூடியவர்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாட்டை நடத்த ஓர் ஆள் வேண்டுமென்று? அது வெண்டல்.

"எல்லாரும் இங்க கூத்தடிப்பீங்க, நான் மட்டும் நூலகத்துல தூசி தட்டணுமா சார்?"

"வீட்டுச் சாவி ஒண்ணைப் பக்கத்து வீட்டுல குடுத்து வைக்கிறோமில்ல? நீதான்டா அந்தச் சாவி."

"எங்க வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுல தொலைஞ்சே போச்சு சார்" என்று சொல்லிக்கொண்டே போனான். அவன் டேப்பில் சார்ஜ் இல்லை. மேசை இழுப்பறையில் மாரிட்டின் சொந்த டேப் கிடந்தது, அதைக் கொடுத்தனுப்பினேன்.

சடங்கு தொடங்கியது. பலகையில் வரும் உறுதிமொழியைக் காஸ்பர் துண்டு துண்டாகப் படிக்க, தோரா கையை உயர்த்தித் திருப்பிச் சொல்ல, "என்னால் இயன்றவரை" என்ற இடத்தில் எழுத்து சிறியதாக இருக்கிறதே என்று நான் பெரிதாக்கப் போய் எதையோ தொட்டேன். பலகை கறுத்தது. எல்லா டேப்பும் கறுத்தன. நடுவில் ஒரு பூட்டுப் படம், கீழே, "ஆசிரியரைக் கவனியுங்கள்." இருபது பிள்ளைகளும் திருமதி ஆஸ்ட்ராண்டரும் என்னைக் கவனித்தார்கள். அது முப்பது வருடம் நான் சொல்லிக்கொடுத்த உறுதிமொழி. ஆனால் அந்தக் கண்களுக்கு முன்னால் மீதி வரி மறந்தே போயிற்று. திறக்கும் ரகசிய எண் மாரிட்டுக்கு மட்டும் தெரியும். அவளைக் கூப்பிட்டுக் கேட்பதும் குட்டை நானே உடைப்பதும் ஒன்றுதான்.

"அவ்வளவுதான் இருக்கு. இயன்றவரைக்கும் செஞ்சா போதும்போல" என்றான் காஸ்பர்.

"அப்ப நான் பிரசிடெண்டா இல்லையா?" என்றாள் தோரா.

"பாதி சத்தியம் செல்லாது. நான் எந்திரிக்க மாட்டேன்" என்றான் டெல்மர், நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றி.

"டேய், நீ தோத்துட்ட! எந்திரிடா!" என்று சீறினாள் தோரா.

"பூட்டைத் திறக்கச் சொல்லு, எந்திரிக்கிறேன்."

பேனா ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. அந்த நேரம் பார்த்துப் பலகையில் ஒரு பெரிய மூக்கு தெரிந்தது. மூக்கு பின்னால் நகர்ந்து வெண்டலின் முகமாயிற்று. ஆசிரியரின் டேப் அல்லவா, அதைப் பூட்டு தொடவில்லை; அதிலிருந்து திறக்க ரகசிய எண்ணும் வேண்டாமாம்.

"ஹலோ? எல்லாரும் உசிரோட இருக்கீங்களா?"

"எல்லாம் பூட்டிக்கிச்சுடா! உன்கிட்ட பூட்டுப் படம் இருக்கா? அமுக்கு!" என்று கத்தினான் டெல்மர்.

"இருக்கு." அவன் விரல் பாதி வழியில் நின்றது. "ஆனா இப்ப நான்தானே பிரசிடெண்ட்? உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா நான்தான்னு சார் சொன்னாரு."

நான் வாயைத் திறப்பதற்குள் திருமதி ஆஸ்ட்ராண்டர் எழுந்துவிட்டார்.

"ஆமாம் வெண்டல், எல்லா அதிகாரமும் இப்ப உன் கையிலதான் இருக்கு. என்ன செய்யப் போற?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான், ரோல்ஃப். "இங்க யாருமே இல்ல மேடம். பிரசிடெண்டா இருந்து என்ன பண்றது? நான் அங்கேயே வந்துடறேன்" என்று அமுக்கினான். பூட்டு திறந்தது. அவன் டேப்போடு ஓடிவந்து சேர்ந்ததும் தோரா மீதி உறுதிமொழியைச் சொல்லி முடித்தாள். யாரும் சொல்லாமலே டெல்மர் எழுந்து, உட்கார்ந்த இடத்தைச் சட்டைக் கையால் துடைத்துவிட்டு, அவளுக்குக் கைகொடுத்தான். "நாலு வருஷம் கழிச்சுப் பாத்துக்கறேன்" என்றான்.

எல்லாம் முடிந்தது, பலகை போயிற்று என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, அந்த அம்மாள் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்: "வெண்டல் மாதிரி முழு அதிகாரமும் கையில கிடைச்சா, யாரெல்லாம் திருப்பிக் குடுப்பீங்க? கை தூக்குங்க." எல்லாக் கையும் உயர்ந்தது. "சரி, இப்ப டேப்ல அமுக்குங்க." கம்பங்கள் எழும்பின. கொடுக்க மாட்டேன் என்று ஒன்பது.

பிள்ளைகள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள். "யாருடா அது?" என்று தொடங்கிய பேச்சு, எதற்காகக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் யார் கேட்பது, சட்டம் எதற்கு, சத்தியம் எதற்கு என்று போய், சாப்பாட்டு மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. அன்றைக்குச் சாப்பாடு பிட்சா என்பதையும் நீ கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாசலில் திருமதி ஆஸ்ட்ராண்டர் கையுறையை மாட்டிக்கொண்டே, "நானும் வருஷக் கணக்கா இதே கேள்வியைக் கேட்டிருக்கேன். எல்லாரும் கை தூக்குவாங்க. நானும் பாடம் முடிஞ்சுதுன்னு புத்தகத்தை மூடிடுவேன். பலகை இருக்கட்டும், மிஸ்டர் ப்ரெக்கே. நீங்க மட்டும் அதைத் தொடாதீங்க" என்றார்.

எனக்கும் அதுவே சம்மதம். திங்கட்கிழமை மாரிட் ஊன்றுகோலோடு வருகிறாள். வகுப்பை முழு மனதோடு அவளிடம் ஒப்படைத்துவிட்டு, ஏரிக்குப் போய்ப் பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்க உட்காரப் போகிறேன். உனக்கும் லூவெல்லாவுக்கும் நல்ல உடம்பும், உன் ஆரஞ்சு மரத்துக்கு நல்ல காய்ப்பும் கிடைக்கட்டும்.

உன் அண்ணன்,
ஹால்வர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மாரிட் கூப்பிட்டாள். நூலகத்தில் பொழுது போகாத வெண்டல் எதையோ அமுக்கியதில் அவள் டேப்பிலிருந்து பலகைக்கு மட்டுமல்ல, அவள் வீட்டுக்கும் அழைப்புப் போயிருக்கிறது. மூக்கிலிருந்து முடிவு வரை எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். "அருமையாப் போச்சுன்னு சொன்னப்ப மாவுக்கட்டு ஆட ஆடச் சிரிச்சேன்" என்றாள். பிறகு, "பெரியப்பா, வகுப்புல இருபத்தோரு பிள்ளைங்க. கடைசிக் கேள்விக்கு மட்டும் எப்படி இருபத்திரண்டு ஓட்டு விழுந்தது?" என்றாள். ஓரத்தில் சும்மா கிடந்த ஒரு டேப்பை நான் அமுக்கியது உண்மைதான். எதை அமுக்கினேன் என்று அவள் கேட்கவில்லை. இனி செவ்வாயும் வியாழனும் வகுப்புக்கு வரச் சொல்லியிருக்கிறாள். மீன்கள் காத்திருக்கட்டும்.