திருப்பு நைனாவும் டாலரின் முதுகும்

வேலை எதையும் எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்காகவே கடை திறந்து வைத்திருந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் திருப்பு நைனா. இதை எந்தச் சபையிலும் சொல்லத் தயார். திருத்தணி மலையடிவாரத்தில் நான் மேனேஜராகக் குப்பை கொட்டிக்கொண்டிருந்த லாட்ஜை ஒட்டி, ஒரு பீரோவைப் படுக்கப் போட்ட அளவில் அவர் கடை. 'வெள்ளி, பித்தளை, செம்பு நகைகளுக்கு பாலிஷ் போடப்படும்' என்று பலகையில் எழுதியிருக்கும். நான் அங்கே போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியும் அவர் ஒரு மூக்குத்திக்குக்கூட பாலிஷ் போட்டு நான் பார்க்கவில்லை.

யாராவது கறுத்துப்போன முருகன் டாலரை நீட்டினால், வாங்க, உட்காருங்க என்றெல்லாம் உபசாரம் கிடையாது. "திருப்பு" என்பார். அந்த ஒரு வார்த்தையே அவருக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் என்னவென்று தபால்காரருக்கே தெரியாது. டாலரைத் திருப்பி அதன் முதுகில் கட்டைவிரலை வைத்து மெல்லத் தேய்ப்பார். கண்ணை மூடிக்கொள்வார். பிறகு தீர்ப்பு வரும்.

"இத்த தேய்ச்சா போச்சு. இது அழுக்கு இல்ல, சரித்திரம். முன்னாடி இருக்கறது அச்சு அடிச்சவன் பண்ண வேலை. முதுகுல இருக்கறது போட்டுகினு இருந்தவன் பண்ண வேலை. அத்தப் போயி அழிக்கச் சொல்றியே?"

வந்தவர் குற்றவாளி போல டாலரை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்.

மத்தியானத்தில் லாட்ஜில் ஈ ஓட்டுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. நான் போய் அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். அவரிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் இருந்தவை எல்லாம் பழைய டாலர்கள். அச்சு வருவதற்கு முன்னால் எப்படிச் செய்தார்கள் என்று முதன்முதலில் அந்த டின்னில்தான் தெரிந்துகொண்டேன். மெல்லிய வெள்ளித் தகட்டை இளகின அரக்கின் மேல் பதித்து, பின்னாலிருந்து சின்ன உளியால் தட்டித் தட்டி உருவத்தை முன்னால் தள்ளுவார்களாம். முன்பக்கம் மயிலாக இருப்பது பின்பக்கம் குழியாக இருக்கும். அந்தக் குழியிலும் அரக்கை நிரப்பிவிடுவார்கள், நசுங்காமல் இருக்க. ஒரு டாலரைத் திருப்பிப் பார்த்தேன். அரக்கு உதிர்ந்துபோன இடத்தில், தோகையின் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு தட்டு தட்டிய தடம் அப்படியே இருந்தது.

"அப்புறம் நைனா?"

"அப்புறம் அச்சு வந்துச்சு. ஒரே அடி, முழு முருகன். அதுக்கப்புறம் மிஷினு. போன வருசம் எல்லாரும் காப்பு காப்புன்னானுங்க. இந்த வருசம் கருங்காலி மாலை, நடுவுல வெள்ளி வேலு. அடுத்த வருசம் இன்னா வருமோ, அந்த முருகனுக்கே தெரியாது. எது வந்தாலும் முதுகு ஒண்ணு இருக்கும் இல்ல? அது போதும் எனக்கு."

கேட்கக் கேட்க ஆர்வமாகத்தான் இருக்கும். ஒரே ஒரு சங்கடம், அவர் ஜோசியம் பாதிக்குப் பாதி தப்பு. ஒருமுறை பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் டாலரை நீட்ட, நைனா கண்ணை மூடி, "இது நாட்டியம் ஆடுன பொம்பள போட்டுகினு இருந்தது. நூறு வருசம் இருக்கும்" என்றார். போலீஸ்காரர் அதை அன்று காலையில்தான் மலைமேல் கடையில் வாங்கியிருந்தார். கடைக்காரர் சுற்றிக்கொடுத்த பிளாஸ்டிக் பைகூட இன்னும் அவர் கையில் இருந்தது.

என் டாலரையும் விடவில்லை. அது நான் வேலைக்குச் சேர்ந்த வாரம் வாங்கிய புது டாலர். பெண் பார்த்த எந்த வீட்டிலும் சரிவராமல், முப்பத்து நாலு வயதில் ஒண்டிக்கட்டையாக அந்த ஊருக்கு வந்திருந்தேன். நைனா கட்டைவிரலை வைத்துத் தேய்த்துவிட்டு, "யாரோ ஒருத்தங்க, இவன் சாப்ட்டானா இல்லியான்னு ஒன்ன நெனச்சிகினே கீறாங்க" என்றார். சுத்தப் புருடா என்று தெரிந்தும் அன்றைக்கு எனக்கு இரண்டு இட்லி அதிகமாக இறங்கியது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. பாலிஷ் போடமாட்டேன் என்றவர், மாதாமாதம் கிருத்திகைக்கு முந்தின நாள் மட்டும் கத்தரியை எடுப்பார். வெள்ளித் தகட்டில் ஒரு ஜோடி கண் வெட்டுவார். கண் நோய் தீர வேண்டிக்கொண்டு உண்டியலில் போடுவார்களே, அந்தக் கண்மலர். ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சின்னதாகவும் வரும்.

"யாருக்கு நைனா?"

"ஒரு பார்ட்டிக்கு."

"பார்ட்டிக்குக் கண்ணு இப்படிக் கோணலாவா இருக்கும்?"

"ஒன் வேலையப் பாருடா."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. சென்னையிலிருந்து ஒரு குடும்பம் குழந்தைக்கு மொட்டை போட வந்து எங்கள் லாட்ஜில் தங்கியிருந்தது. குடும்பத் தலைவர் கையில் செம்புக் காப்பு, கழுத்தில் கருங்காலி, ஐந்து விரலிலும் மோதிரம். மலைக்குப் போய்விட்டுத் திரும்பியவர் அறையைக் காலி செய்யும் நேரத்தில் கத்தினார். குளிக்கும்போது கழற்றி வைத்த வெள்ளி டாலரைக் காணோம் என்று.

அறை கூட்டுவது ராஜேஸ்வரி அக்கா. பொதட்டூர்பேட்டைக்காரர். வருஷக்கணக்காகத் தறியில் உட்கார்ந்துவிட்டு, முட்டி வலி வந்து எங்களிடம் வேலைக்கு வந்தவர். அவர் கழுத்திலும் ஒரு வெள்ளி டாலர். அதே மயில், அதே வேல், அதே அச்சு.

"இதோ இதுதான் என்னுது!" என்று காப்பு சார் விரலை நீட்டினார்.

"ஐயோ சார், இது என்னுதுங்க. பல வருசமா போட்டுகினு கீறேன்" என்றார் அக்கா.

முதலாளிக்கு போன் போட்டேன். அவர் காதில் எதையும் வாங்காமல், "கஸ்டமர் டாலரைக் குடுத்து அனுப்பு. அந்தப் பொம்பளைய இன்னிக்கே நிறுத்திடு" என்றார். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வேல போனா போவுது மேனேஜர். திருடின்னு பேரு வாங்கினு எப்படி ஊருக்குப் போவேன்?" என்று கேட்டார். எனக்கு அந்த மனிதர் மேல் வந்த கோபத்தைவிட, ஒன்றும் செய்யாமல் போனைப் பிடித்துக்கொண்டு நின்ற என்மேல் வந்த கோபம் அதிகம்.

சத்தம் கேட்டு நைனா வந்தார். இந்த மனுஷன் 'இது நாட்டியக்காரி டாலர்' என்று ஆரம்பித்தால் அக்கா கதி என்ன ஆவது? அக்கா டாலரைக் கழற்றி என் கையில் கொடுத்தார். காப்பு சார் எட்டிப் பார்த்துத் திருப்பப் போனார்.

"திருப்பாத!" என்றார் நைனா.

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. தடவிக்கொண்டே வந்து, என் உள்ளங்கையில் மல்லாந்து கிடந்த டாலர் மேல் தன் கையை வைத்து மூடினார்.

"சார், ஒங்க டாலருன்னா முதுகுல இன்னா கீதுன்னு சொல்லுங்க."

"முதுகா? பின்னாடி... ஓம் இருக்கும்."

"இருக்குமா, இருக்குதா?"

"ஸ்டார்ங்க, அறுகோண ஸ்டார்" என்று மனைவி மெதுவாகச் சொன்னார்.

"ஆங். நீ சொல்லும்மா."

ராஜேஸ்வரி அக்கா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "பல்லுங்க. மூணு பல்லு. என் பையன் பால் குடிக்கறப்ப கடிச்சிகினே இருப்பான். அப்புறம் கீழ் ஓரம் ஒரு பக்கமா மொழுங்கிப் போயிருக்கும். தறியில குனிஞ்சு நெய்யறப்ப, துணி சுத்தற கட்டையில ஒரசிகினே இருக்கும்."

நைனா கையை எடுத்தார். "மேனேஜரு, நீயே பாரு" என்றார்.

திருப்பினேன். ஓம் இல்லை, ஸ்டார் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் மூன்று சின்னப் பள்ளங்கள். கீழ் ஓரம் சாய்வாகத் தேய்ந்து, பிளேடு போல மெலிந்திருந்தது. அதை எல்லாருக்கும் காட்டினேன். காப்பு சாருக்குக்கூடக் காட்டினேன், கொஞ்சம் அதிக நேரமாகவே.

சாரின் மனைவி பெட்டி கட்டுவதற்காக ஈர வேட்டியை உதறினார். அதன் மடிப்பிலிருந்து சாரின் டாலர் டக்கென்று தரையில் விழுந்தது. "மன்னிச்சிடும்மா" என்றார் சார், காப்பைத் திருகிக்கொண்டே.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கீழே கிடந்ததை எடுத்து அவரிடம் நீட்டினார். "பின்னாடி இன்னா கீதுன்னு நல்லா பாத்து வச்சிக்குங்க சார். அடுத்த தபா யாராச்சும் கேப்பாங்க."

கூட்டம் கலைந்ததும் முதலாளிக்கு மறுபடி போன் போட்டு, அக்கா வேலைக்கு ஆபத்தில்லை என்று ஆக்கிவிட்டு, நைனாவைப் பிடித்துக்கொண்டேன். "எல்லார் டாலரையும் புடுங்கிப் பாப்பீங்க. இன்னிக்கு மட்டும் ஏன் என்னைப் பாக்கச் சொன்னீங்க?"

"பாத்தா தெரியணும் இல்ல?" என்றார். "ரெண்டு கண்லயும் புரை. ரெண்டு வருசத்துக்கு மேல ஆவுது. கை பழக்கத்துல கடைய தொறந்துகினு கீறேன். பாலிஷ் மெஷின்ல கைய வச்சா யார் நகை எங்க பறக்கும்னு எனக்கே தெரியாது. அந்தப் பொண்ணு பொழப்பு நடுவுல நிக்குது, அதுல என் புருடாவ எப்படிச் சொல்றது?"

அந்தக் கோணல் கண்மலர் போட்ட பார்ட்டி யார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருஷம் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து கதை கேட்டவனுக்கு இது தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அடுத்த வாரமே அரக்கோணத்தில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன், அடுத்த மாதம் இன்னொரு கண்ணுக்கு.

பச்சைத் துணியை அவிழ்த்தார்கள், கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள், அதோடு எங்கள் ஊர்ச் சரித்திரம் முடிந்தது. மனுஷன் கண்ணில் பட்ட டாலருக்கெல்லாம் பாலிஷ் போட்டுத் தள்ளினார். கே.ஜி.கண்டிகையிலிருந்தும் ஆர்.கே.பேட்டையிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். மெஷின் சத்தத்தில் லாட்ஜில் யாரும் மத்தியானம் தூங்க முடியவில்லை. ராஜேஸ்வரி அக்கா மட்டும் தன் டாலரை அந்தக் கடைப் பக்கமே காட்டவில்லை.

எனக்கு சென்னையில் வேறு வேலை கிடைத்துக் கிளம்பும் நாளில் என் டாலரை நீட்டினேன். "திருப்பு" என்றார். இந்த முறை கண்ணைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உற்றுப் பார்த்தார்.

"மொழுக்குனு கீது. ஒரு கீறல்கூட இல்ல."

"அப்ப நான் சாப்பிட்டேனா இல்லையான்னு யாரோ நெனச்சிகினு இருக்காங்கன்னு சொன்னீங்களே, அதுவும் புருடாதானா?"

"அது மட்டும் புருடா இல்ல" என்றார் நைனா, டாலரை என் கையில் திருப்பி வைத்து. "பக்கத்து கடையிலதான ஒக்காந்துகினு இருந்தேன். இதுக்கு பாலிஷ் போட மாட்டேன், போ. பஸ் ஏறதுக்கு முன்னாடி துன்னுட்டுப் போ."

சென்னையில் பாலிஷ் கடை எதைத் தாண்டினாலும் இப்போதும் அந்த டாலரைச் சட்டைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டுதான் நடக்கிறேன்.