கெசியாவுக்காகப் போட்ட ப்ராக்ஸி

கிழக்கு தாம்பரம்
14.11.2006

அன்பு மகள் கெசியாவுக்கு,

ஆண்டவர் தயவால் இங்கே அப்பாவும் அம்மாவும் சுகம். கேளம்பாக்கம் ஹாஸ்டலில் நீயும் சுகமாய் இருக்க அன்றாடம் ஜெபிக்கிறோம். நிற்க.

வரன் தேடும் இணையதளத்தில் உன் போட்டோவோடு செல்போன் நம்பர், ஆபீஸ் விலாசம், நீ ஏறும் பஸ், இறங்கும் நேரம் எல்லாம் போட்டது தப்புதான். எவனோ ஒருவன் தன் அம்மாவோடு ஆப்பிள் தட்டும் கையுமாக உன் ஆபீஸ் வாசலுக்கே வந்து நிற்பான் என்று எனக்கெப்படித் தெரியும்? அதற்காக இனி வீட்டுப்படி மிதிக்க மாட்டேன் என்று பெட்டியைத் தூக்கிவிட்டாய். அதுகூடப் பரவாயில்லை. போகும்போது, "இனிமே நெட்ல போனா ப்ராக்ஸி போட்டுட்டுப் போங்கப்பா, நம்ம விஷயம் நாலு பேருக்குத் தெரியக்கூடாது" என்றாய் பார், அதுதான் நெஞ்சில் தைத்தது. முப்பத்தோரு வருஷம் கல்லூரி ஆபீசில் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைக் கட்டிக்கொண்டு அழுதவன் நான். வராதவனுக்காக அடுத்தவன் "ப்ரெசன்ட் சார்" என்று ப்ராக்ஸி கொடுத்தால் குரலை வைத்தே பிடித்தவன். என்னையே ப்ராக்ஸி போடச் சொல்கிறாய்!

இருந்தாலும் பெற்ற மனசு கேட்கவில்லை. பிரவுசிங் சென்டர் அக்தரிடம் போய்க் கேட்டேன். "ஒண்ணுமில்ல சார், நம்ம அட்ரஸ் வெளிய தெரியாம, நமக்குப் பதிலா இன்னொரு கம்ப்யூட்டர் போய்ப் பேசும். ஆனா அது நம்பிக்கையான எடமா இருக்கணும். இல்லாங்காட்டி நம்ம மேட்டரை அதுவே சுருட்டிக்கும்" என்றார். அதாவது அதே பழைய திருட்டுத்தனம். கம்ப்யூட்டரை எவன் நம்புவான்? இணையதள விளம்பரத்தில் உன் நம்பரை எடுத்துவிட்டு, நம் சபை மூப்பர் சின்னப்பன் வீட்டு நம்பரைப் போட்டேன். யார் கூப்பிட்டாலும் நமக்குப் பதில் அவர் பேசுவதாக ஏற்பாடு. மூணு வாரமாச்சு. "ஒண்ணும் வரலையே மூப்பரே?" என்றால், "வேளை வரும் பிரதர், ஜெபிங்க" என்பார். நானும் கண்ணை மூடிக்கிட்டு ஜெபித்தேன். போன ஞாயிறு ஆராதனை ஆரம்பிக்கும் முன்னே கையில் பத்திரிகை கொடுக்கிறார். அவர் மகள் பியூலாவுக்கு நிச்சயதார்த்தமாம். மாப்பிள்ளை சிங்கப்பூர் இன்ஜினியர், ஆறடி, கீபோர்டு வாசிப்பார். உனக்குன்னு நான் டிக் அடிச்சு வச்சிருந்த அதே பையன்டீ! ப்ராக்ஸி கொடுக்கப் போனவர் டிகிரியையே வாங்கிக்கிட்டு வந்துட்டார். இந்த லட்சணத்துல மேடையேறி, "கர்த்தர் தாமே வழியைத் திறந்தார்"னு சாட்சி வேற. திறந்துவிட்டவன் மூணாவது பெஞ்சில் உட்கார்ந்து ஆமென் சொன்னேன்.

போகட்டும். விளம்பரத்தை அடியோடு அழித்தாயிற்று. இனி உன் சம்மதமில்லாமல் உன்னைப் பற்றி ஒரு எழுத்து வெளியே போகாது. அப்போதும் உன் மானத்தைக் காப்பாற்றத்தான் செய்தேன். முதல் வருஷம் கணக்கில் ரெண்டு தடவை அரியர் வைத்தது, கடைவாயில் கட்டுப்பல், தூக்கத்தில் நீ மேனேஜரைத் திட்டுவது, எதையும் அதில் நான் எழுதவில்லை. என் இமெயிலுக்குப் புது பாஸ்வேர்டும் போட்டுவிட்டேன். உனக்கு மட்டும் சொல்கிறேன்: உன் பெயரும் பிறந்த தேதியும், 9.3.1982. கிறிஸ்துமஸுக்காவது வந்துவிடும்மா. நீ இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கர்த்தர் உன்னைத் தமது மறைவில் வைத்துக் காப்பாராக.

அன்பு அப்பா,
சுவிசேஷமுத்து

பி.கு.: தபால் ஆபீசில் கவரும் இல்லை, இன்லேண்டும் இல்லை. ஆகவே ஆறு போஸ்ட் கார்டுகளில் எழுதி, நம்பர் போட்டு, உன் ஆபீஸ் விலாசத்துக்கே அனுப்புகிறேன். முன்பின்னாக வந்தால் உனக்குக் குழப்பமாகுமே என்று வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளை படித்துப் பார்த்து அடுக்கித் தந்துவிடும்.