ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு புத்தகம்

மனிதர்களில் தினவாசகர் என்று ஓர் இனம் உண்டு. பொழுதுபோகாமல் கதைப் புத்தகம் புரட்டுகிறவர்களை இவர்களோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர்கள் பாவம், சும்மா படிக்கிறவர்கள். இவர்களோ வளர்வதற்காகப் படிக்கிறவர்கள். எவ்வளவு வளர்ந்தார்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

அமெரிக்காவின் வடகோடியில், எங்கள் டுலூத் நகரத்தில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். எங்கள் தெருவுக்கு டுவைட் ஹால்வர்சன். காலை ஐந்து மணிக்கு எழுந்து, காபியை ஊற்றிக்கொண்டு, கைபேசியில் இருபது நிமிடத்துக்கு மணி வைத்து, மஞ்சள் மார்க்கரைத் திறந்து, கண்ணில் பட்ட வரிகளுக்கெல்லாம் மஞ்சள் பூசி, மணி அடித்ததும் பாதி வாக்கியத்தில் புத்தகத்தை மூடி, அன்றைய கணக்கைச் செயலியில் பதிந்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார். காரில் போகும்போது காதில் ஒலிப்புத்தகம், அதுவும் இரட்டை வேகத்தில். வாசலில் பனி தள்ளும்போதும் அதேதான். ஒரு நாள்கூட விடாமல் நானூற்றுப் பதினொரு நாள். மாமனாரை அடக்கம் செய்த அன்று தேவாலயக் கழிப்பறையில் உட்கார்ந்து பத்துப் பக்கம் முடித்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒரு புத்தகம் எப்படி முடிகிறது என்று ஒருநாள் கேட்டேன்.

"முதல் அத்தியாயம், கடைசி அத்தியாயம், அப்புறம் அங்கங்க கட்டம் கட்டிச் சுருக்கம் போட்டிருப்பான் பாரு, அது. அவ்வளவுதான். நடுவுல எல்லாம் வெறும் உதாரணம்தான்" என்றார்.

முடித்த புத்தகத்தைக் காபிக் கோப்பையோடு நிறுத்திப் படம் எடுத்து, ஐந்து நட்சத்திரம் குத்தி, 'வாழ்க்கையை மாற்றியது' என்று ஊருக்கு அறிவிப்பார். வருடத்தில் ஐம்பத்திரண்டு முறை வாழ்க்கை மாறினால் மனிதன் தாங்குவானா? இவர் தாங்கினார். பிறகு புத்தகம் வீட்டு வாசலில் கம்பத்தின் மேல் நிற்கும் மரப்பெட்டிக்குப் போகும். வருகிறவர் போகிறவர் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டியைத் துடைக்கிற அக்கறையில் பாதியைக்கூட அவர் வீட்டுக்குள் காட்டி நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் கடைசியில், கடன் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். சமையலறை மேசையில் டுவைட், கையில் மார்க்கர். எதிரில் அவர் மனைவி லோரீன்.

"டுவைட், உன்கிட்ட ஒண்ணு பேசணும்."

டுவைட் ஒரு விரலை உயர்த்தினார். "ரெண்டே பக்கம்."

"நேத்தும் இதையேதான் சொன்ன."

"உனக்காகத்தான் படிக்கிறேன் லோரீன். பொண்டாட்டி பேசுறத எப்படிக் காது குடுத்துக் கேக்கணும்னு புத்தகம். என்னமா எழுதியிருக்கான் தெரியுமா!"

லோரீன் என்னைப் பார்த்தார். நான் ஏணியைப் பார்த்தேன்.

"எல்லாப் பக்கமும் படிப்பியா?" என்று கேட்டார்.

"பின்ன? வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிருவேன்."

சொன்னபடி வெள்ளிக்கிழமை முடித்தார். படம், ஐந்து நட்சத்திரம், மரப்பெட்டி. அதற்குப் பதினைந்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில், லோரீன் இரண்டு சூட்கேஸ்களைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். டுவைட் புல்வெளியில் நின்று, போகிற வருகிறவர்களிடமெல்லாம் முறையிட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லலியே! ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனா?"

மறுநாள் காலை ஐந்து மணிக்கு அவர் வீட்டில் விளக்கு எரிந்தது. பிரிவைத் தாங்குவது எப்படி என்று புதுப் புத்தகம்.

அந்தப் பழைய புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. போன வாரம் அதைப் பிரித்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், மஞ்சள் சொட்டுக்கூடப் படாத இடத்தில், நான்காக மடித்த ஒரு காகிதம். லோரீனின் கையெழுத்து.

'டுவைட், பேச விடமாட்டேன் என்கிறாய். அதனால் நீ பார்க்கிற இடத்தில் வைக்கிறேன். ஃபார்கோ ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்கே போய்விடலாம் என்றிருக்கிறேன். போக எனக்கு ஆசையில்லை. அக்டோபர் பன்னிரண்டுக்குள் இந்தப் பக்கத்துக்கு வந்தால் என்னைக் கூப்பிடு. இருந்துவிடுகிறேன்.'

பாழாய்ப்போன மனுஷன், ஒரு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை வரக் கூடாதா என்று அரை மணி நேரம் வாய்விட்டுத் திட்டினேன்.

திட்டி முடித்த பிறகுதான் தேதி உறைத்தது. மரப்பெட்டியில் அவர் புத்தகத்தை வைத்த அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம், இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, நான்தான் எடுத்து வந்தேன். லோரீன் போவதற்குப் பதினைந்து முழு நாள் முன்னால். அன்றிலிருந்து என் கட்டிலருகே விளக்கடியில் கிடந்தது. இடையில் அலுவலகத்தில் இரண்டு பேரிடம் அதைப் புகழ்ந்து பேசியிருக்கிறேன். டுவைட்டிடமே ஒருநாள், "நடுப்பகுதி பிரமாதம்!" என்றேன்.

"ஆமா, எனக்கும் அதுதான் ரொம்பப் பிடிச்சது" என்றார்.

கடிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. கொடுத்தால், புத்தகத்தை எப்போது எடுத்தாய் என்று கேட்பார்.

நீங்கள் ஒன்றும் சிரிக்க வேண்டாம். படித்துவிட்டதாக நாலு பேரிடம் சொல்லி அலமாரியில் ஏற்றியிருக்கிறீர்களே, அந்தப் புத்தகங்களை இறக்கி நடுப்பக்கங்களை ஒருமுறை உதறிப் பாருங்கள். உங்கள் தேதி இன்னும் தாண்டாமல் இருக்கலாம்.