ஊசி சிஸ்டரின் கள்ளி வார்டு

கள்ளிச்செடிக்கு கேஸ் ஷீட் எழுதி வைத்திருந்த ஒரே ஒருவர் இந்த உலகத்தில் உண்டு. அவர் பாறசாலையில் எங்கள் தெருவில்தான் இருந்தார்.

முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஓய்வு பெற்றவர் என்பதால் ஊர் அவரை ஊசி சிஸ்டர் என்றது. சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரிந்திருக்கலாம். மொட்டைமாடியில் மழை படாமல் பிளாஸ்டிக் ஷீட் கட்டி, கீழே இருநூறு தொட்டிகளில் கள்ளி வளர்த்தார். புதிதாக வரும் செடி மூன்று வாரம் தனி மூலையில் கிடக்க வேண்டும். அது ஐசொலேஷன் வார்டு. பார்வையாளர் நேரம் நான்கு முதல் ஐந்து. பத்து நிமிடம் முன்னால் வந்துவிட்ட அவருடைய சபைப் போதகரே படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

காஞ்சிரங்குளத்தில் ஒரு கல்யாண வீடு. வாசலில் அழகுக்கு வைத்திருந்த கள்ளியின் உச்சி பழுப்பேறியிருந்தது. சிஸ்டர் ஒரு வெள்ளைத் தாளை அடியில் பிடித்துச் செடியை லேசாகத் தட்டினார். தாளில் மிளகாய்ப்பொடி விழுந்தது. பிறகு அந்தப் பொடி நடக்க ஆரம்பித்தது. சிவப்புச் சிலந்திப்பூச்சி! பெண்ணின் அப்பாவைப் பார்த்து உரக்கச் சொன்னார்:

"பாக்கதுக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனா தீனம் உண்டு, கேட்டியளா! மத்தவங்களோட சேக்காதுங்க, பத்து நாள் தனியா வையுங்க!"

தீனம், அதாவது நோய், என்ற சொல் காதில் விழுந்ததும் மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப்பேர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்கள். சிஸ்டர் தொட்டியைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் தாலி கழுத்தில் ஏறியது.

நான் அவர் கையில் போய் விழுந்தது தொண்ணூறுகளின் நடுவில். ஒரு அலுவலகத்தில் புது கிளார்க். என் வேலையை நிரந்தரமாக்கும் ஃபைல் சூப்பிரண்டு சாரின் மேசையில் கிடந்தது. அவர் மகளின் பிரசவத்துக்காக ஒரு மாதம் பம்பாய் புறப்பட்டார். போகும்போது, விதையிலிருந்து இருபது வருடம் வளர்த்த, பெரிய தேங்காய் அளவு உருண்டைக் கள்ளியை என்னிடம் ஒப்படைத்தார்.

"வெள்ளம் ஒழிக்கண்டா. மழையில வைக்கண்டா. நீ ஒண்ணும் செய்யண்டா."

வெள்ளம் என்றால் எங்கள் பக்கம் தண்ணீர்; அதை ஊற்றாதே என்றார். நான் எல்லாவற்றையும் செய்தேன். தாகமாக இருக்குமே என்று தினமும் தண்ணீர் ஊற்றினேன். காற்று வாங்கட்டும் என்று முற்றத்தில் வைத்தேன். ஜூன் மழை மீதியைப் பார்த்துக்கொண்டது. இரண்டு வாரத்தில் வரிப்பள்ளங்களில் பஞ்சு பஞ்சாக வெள்ளை. அடிப்பாகத்தைத் தொட்டால் விரல் உள்ளே போனது. துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு சிஸ்டர் வீட்டுக்கு ஓடினேன்.

சிஸ்டர் பேனாவைத் திறந்தார். "வெள்ளம் எப்பம் எல்லாம் குடுத்த?"

"தெனமும், சிஸ்டரே."

பேனா நின்றது. "எலே மக்கா, இதக் கொல்லதுக்குன்னே வாங்கிட்டு வந்தியாக்கும்?"

பஞ்சு மாவுப்பூச்சியாம். ஸ்பிரிட்டில் நனைத்த துணியை ஈர்க்குச்சியில் சுற்றி ஒவ்வொன்றாகத் துடைத்தார். அது சின்ன வியாதி. தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பார்த்தபோதுதான் உதட்டைக் கடித்தார். அங்கேயும் வெள்ளைப் பஞ்சு. அதற்கு மேலே அழுகல்.

கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்து ஒரு வளையம் அறுத்தார். உள்ளே செம்பழுப்பு. "இன்னும் உண்டு." கத்தியை மறுபடி துடைத்து இன்னொரு வளையம். என் வேலை துண்டு துண்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. ஆறாவது வளையத்தில்தான் சுத்தமான இளம்பச்சை தெரிந்தது. தேங்காய் போய் ஆரஞ்சு மிஞ்சியது. வெட்டுவாயில் கந்தகப் பொடி தூவி, காய வைத்தார். அப்படியொரு நடுங்காத கையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"கொஞ்சமா வெள்ளம் தெளிக்கட்டா?" என்றேன்.

"ஆபரேசன் கழிஞ்ச ஆளுக்கு அப்பமே பிரியாணி குடுப்பியா நீ?"

சூப்பிரண்டு சார் திரும்பிவந்தார். சிஸ்டர் வீட்டு மாடிக்குக் கூட்டிப்போனேன். காய்ந்த மணலில் வேரில்லாமல் உட்கார்ந்திருந்த ஆரஞ்சைப் பார்த்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். சிஸ்டர் குறுக்கே வந்து ஒரு சின்ன பாட்டிலை நீட்டினார். உள்ளே வெட்டிய வேர்.

"இந்தப் பூச்சி ஒரு மாசத்துல வந்ததில்ல சார். வருசக்கணக்கா ஒங்க வீட்டுல குடியிருந்ததாக்கும். இவன் செஞ்சது வெள்ளம் குடுத்தது மட்டும். நீங்க தொட்டி மாத்தி வேரப் பாத்து எத்தற வருசம் ஆச்சு?"

"எட்டு," என்றார் சார், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. பிறகு பிழைக்குமா என்ற கவலையில் குரல் இறங்கி, "ரட்சப்படுமோ, சிஸ்டரே?"

"நான் நோக்குதேன். சனிக்கிழம வாங்க. நாலு மணிக்கு."

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் நானும் சாரும் படிக்கட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நாலு மணிக்காகக் காத்திருந்தோம். ஆறாவது சனிக்கிழமை சிஸ்டர் செடியை மெல்லத் தூக்கிக் காட்டினார். அடியில் அரிசிமணி நீளத்தில் ஒரு வெள்ளை வேர்.

சார் சிஸ்டரின் கையைப் பிடித்து அழுத்தினார். சிஸ்டர் "ஸ்ஸ்" என்று இழுத்துக்கொண்டார். விரித்துப் பார்த்தால் உள்ளங்கை முழுக்க முள். காலையில் வேறொரு கள்ளிக்குத் தொட்டி மாற்றினாராம். இடது கையால் எடுக்க வரவில்லையாம்.

அவரை நாற்காலியில் உட்கார வைத்தோம். சார் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். "வேகம் எடு மக்கா, அஞ்சு மணி ஆகுது," என்று அதட்டினார் சிஸ்டர். நான் இன்னும் மெதுவாக எடுத்தேன்.