பெட்ரோல் குடித்த எனிமா கேன்

புத்தகத்தைப் படித்தால் எந்த வேலையையும் செய்துவிடலாம் என்று இருபத்தாறு வயது வரை நம்பியவன் நான். நீச்சலைக்கூட நூலகத்தில்தான் கற்றுக்கொண்டேன். (அதன்பிறகு எனக்கும் கடலுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.) அந்த நம்பிக்கை முறிந்தது அறுபதுகளின் கடைசியில், ஒரு வியாழக்கிழமை காலை எட்டு மணி ஐம்பது நிமிடத்துக்கு. இடம், எங்கள் தீவின் பாம்பூஃப்ளாட் படகுத்துறைக்கு நான்கு மைல் முன்னால், ஓர் இறக்கத்தின் அடிவாரம்.

அன்று என் தங்கை மல்லிகா கப்பலேற வேண்டும். மெட்ராஸில் நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அடுத்த செவ்வாய்க்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு. அடுத்த கப்பல் எப்போது என்பது கப்பலுக்கே தெரியாது. பன்னிரண்டு மணிக் கப்பலைப் பிடிக்க, ஒன்பதரை மணிப் படகில், கப்பல் நிற்கும் அக்கரைச் சாத்தாமுக்குக் கடந்தாக வேண்டும்.

படகுத்துறை வரை போக அக்காள் கணவர் செல்லையா மச்சானின் பழைய பிக்கப் வண்டி இருந்தது. அதன் பெட்ரோல் பம்ப்பில் சவ்வு கிழிந்து மூன்று மாதம். மச்சான் அலட்டிக்கொள்ளவில்லை. கூரைமேல் ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கட்டி, பெட்ரோல் ஊற்றி, ரப்பர் குழாயை நேரே கார்புரேட்டருக்கு இறக்கிவிட்டார். வண்டி ஒருநாள்கூட நின்றதில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. படிக்கப் போகிற பெண்ணைக் கரகம் சுமக்கிற வண்டியிலா வழியனுப்புவது? மெட்ராஸுக்கு எழுதிப் புது பம்ப் வரவழைத்தேன். மல்லிகா போக வேண்டிய அதே கப்பலில் அது செவ்வாயன்று வந்து இறங்கியது. மோட்டார் ரிப்பேர் புத்தகத்தை மூன்று முறை படித்தேன்.

"கப்பல் போகட்டும் மாப்ளே, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் மச்சான்.

கேட்பேனா? புதன் மாலை நாலு மணி ஐந்து நிமிடத்துக்குத் தொடங்கி ஐந்து நாற்பதுக்குப் பொருத்தி முடித்தேன். என்ஜின் உறுமியது. அரை நிமிடத்தில் அணைத்துவிட்டு வெற்றியை அறிவித்தேன். கூரை டின்னை, அவருடைய டுங்கிப் படகில் தேங்கும் தண்ணீரை இறைக்க உதவுமே என்று, பக்கத்து வீட்டு வங்காளி தாதாவுக்குக் குழாயோடு தானம் செய்தேன்.

மறுநாள் வண்டி வீட்டை அடுத்த மேட்டைத் தாண்டியதும் மச்சான் வழக்கம்போல் இறக்கத்தில் நியூட்ரலில் விட்டார். காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. காட்டில் பறவை கத்துவதுகூடக் கேட்டது.

"பாத்தீங்களா மச்சான், சத்தமே இல்ல. புது பம்ப் போட்டா இப்படித்தான், பூ மாதிரி ஓடும்."

மச்சான் என்னைப் பேசி முடிக்க விட்டார்.

"முடிச்சிட்டியா? என்ஜின் பந்த் ஆயி அரை மைல் ஆச்சு."

இறக்கத்தின் அடியில் வண்டி நின்றது. ஹேண்டிலை எவ்வளவு சுற்றியும் கிளம்பவில்லை. பம்ப் போலி என்று தீர்ப்பளித்தேன்.

"போலியோ அசலோ, ஜல்தி ஏதாவது பண்ணு. டின்னு எங்க?"

"தாதாகிட்ட குடுத்துட்டேன்."

"தாதா எங்க?"

"கடல்ல."

பெட்டியோடு உள்ளே இருந்த மல்லிகா என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "அண்ணே, நான் போகக் கூடாதுன்னு நெனச்சா வாயால சொல்லியிருக்கலாம்ல?"

நான் ரிப்பேர் புத்தகத்தை நாலாவது முறையாகப் புரட்டினேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். எங்கள் ஊர் டிஸ்பென்சரியில் அவள் ஓராண்டு உதவி செய்ததற்காகக் கம்பவுண்டர் கொடுத்த பரிசு உள்ளே இருந்தது. புத்தம்புது எனாமல் எனிமா கேன், அடியில் மூக்கு, அதில் நாலடி ரப்பர் குழாய்.

"மச்சான், இது பத்துமா?"

மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏ புள்ள, இத மொதல்லயே எடுக்கிறதுக்கென்ன!"

டேங்கிலிருந்து பெட்ரோலை வாயால் உறிஞ்சி எடுக்கும் பொறுப்பு எனக்கு விதிக்கப்பட்டது. (ஞாயிறு வரை மிளகு ரசத்தில்கூட அந்த ருசிதான்.) குழாயின் முனையை மச்சான் கார்புரேட்டரில் சொருக, நான் மட்கார்டின்மேல் உட்கார்ந்து, கேனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நான்கு மைல் பயணம் செய்தேன். ஜன்னலில் தலைநீட்டி மல்லிகா அதட்டினாள்: "இன்னும் ஒசத்திப் பிடிண்ணே! கொறைவா எறங்குது!"

பாம்பூஃப்ளாட் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தார்.

"என்ன தம்பி, வண்டிக்கி வயித்துல கோளாறா?"

ஒன்பது இருபத்தெட்டு. படகில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். படகை நிறுத்தச் சொல்லி "ருகோ! ருகோ!" என்று கத்தியபடி மச்சான் பெட்டியோடு ஓட, பின்னால் மல்லிகா ஓடினாள். நான் கேனைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், தூக்கிய கையோடு வழியனுப்பினேன். படகு நகர்ந்த பிறகுதான் அவள் சிரிப்பது தெரிந்தது.

அவளைக் கப்பலேற்றிவிட்டுத் திரும்பிய மச்சான் பம்ப்பைக் குனிந்து பார்த்தார். அதன்மேல் நான் அழகாக ஒரு சீட்டு ஒட்டியிருந்தேன்: பொருத்திய நாள், கிழமை, தொடங்கிய நேரம், முடித்த நேரம். அதை உரித்தார். பெட்ரோல் எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறும் என்று காட்டும் அம்புக்குறிகள் அடியில் இருந்தன. புத்தகத்துப் படத்தில் வேறு மாதிரி இருந்தது; நான் படத்தை நம்பி இரண்டு குழாயையும் மாற்றி மாட்டியிருந்தேன்.

"கார்புரேட்டர்ல மிச்சமிருந்ததுல மேடு வரைக்கும் ஓடியிருக்கு. டேங்குக்குக் காத்தடிச்சிருக்க மாப்ளே" என்றார். ஐந்தே நிமிடத்தில் சரிசெய்தார்.

சில வருடம் கழித்து, நர்ஸாகி விடுப்பில் வந்த மல்லிகா என் பழைய டைரியைக் கண்டெடுத்து, வீட்டார் எல்லோர் முன்னிலையிலும் உரக்கப் படித்தாள்: "வியாழன். வானம் தெளிவு. மல்லிகா கப்பலேறினாள். வண்டி நன்றாக ஓடியது."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் சோறு அடிபிடித்தாலும், கல்யாணப் பந்தல் சாய்ந்தாலும், பேரன் கணக்கில் ஏழு மார்க் வாங்கினாலும் யாராவது ஒருவர் அந்தக் கடைசி வரியைச் சொல்லிவிடுவார்கள். போன மாதம் கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு வெளியே வந்தேன். மல்லிகா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிறதா என்று கேட்கவில்லை.

"வண்டி எப்படிண்ணே?"

"நன்றாக ஓடியது" என்றேன்.