ரிவால்வருக்கு வந்த பயம்

மனித குலத்தின் மாபெரும் சாதனைகளைப் போற்றுகிறவர்கள் சால்ட்டர் க்ரீக் மாவட்டத்தை மறந்துவிடுவது பெரும் அநீதி. மொன்டானாவின் மலையடிவாரத்தில் இருக்கும் அந்த மாவட்டத்தில், அது தோன்றிய நாள் முதல் ஒரு மனிதரும் குறி தவறியதில்லை. துப்பாக்கிகள் தவறியிருக்கின்றன. காற்று தவறியிருக்கிறது. ஒருமுறை மான் தவறியிருக்கிறது. மனிதர்கள் தவறியதாகச் சரித்திரமே இல்லை.

ஆகவே, ஷெரீஃப் வர்ஜில் ஹாகன் தன் புத்தம்புது ரிவால்வரால் பயிற்சித் திடலில் குறியாக நிறுத்திய காகித மனிதனை நோக்கிச் சுட்டு, அத்தனை குண்டும் கீழே இடதுபுறம் மண்ணில் போய்ப் புதைந்தபோது, யாரும் அவரைப் பார்க்கவில்லை. பண்பாடு தெரிந்த மக்கள். எல்லோரும் ரிவால்வரைப் பார்த்தார்கள்.

"புதுசுல்ல மச்சான், இன்னும் பழகல," என்றார் மாவட்டக் குழுத் தலைவர் டுவைட் டாலஃப்சன். அவர் ஷெரீஃபின் மனைவிக்கு அண்ணன். ஆனால் அந்தக் கருத்து முழுக்க முழுக்கத் 'தொழில்நுட்ப' அடிப்படையில் சொல்லப்பட்டது. பழைய ரிவால்வரும் இதே கீழ் இடதுபுற வியாதியால்தான் ஓய்வு பெற்றது என்பதை அவர் பெருந்தன்மையோடு மறந்துவிட்டார்.

விஷயம் சாதாரணமல்ல. இலையுதிர் காலத் தேர்வில் காகித மனிதனைச் சுடத் தெரியாத ஷெரீஃப், மார்பில் குத்திய நட்சத்திரத்தைக் கழற்றித் துணை ஷெரீஃபிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. வர்ஜில் அந்த நட்சத்திரத்தைக் குத்திக்கொண்டுதான் பால் வாங்கவே போவார். அது இல்லாமல் கண்ணாடி முன்னால் நின்றால் உள்ளே தெரிவது யார் என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும்.

துப்பாக்கி பழுது பார்க்கும் லெஸ்டர் ஸ்டக்கி வரவழைக்கப்பட்டார்.

"குழலுக்குள்ள சொரசொரப்பு இருக்கும் வர்ஜில். ஒண்ணு சுடு, தொடை. ஒண்ணு சுடு, தொடை. கொழந்தைக்கு மூக்கு சிந்தி விடற மாதிரி."

"எத்தனை நாளைக்கு?"

"போதும்னா அதுவே சொல்லும்."

அது எதுவும் சொல்லவில்லை. ஷெரீஃப் சுட்டார், துடைத்தார், சுட்டார். அலுவலகக் கதவில் ஓர் அறிவிப்பு தொங்கியது: 'ஆயுதம் பக்குவப்பட்டுக்கொண்டிருக்கிறது. திருட்டுப் போனவர்கள் பொறுத்திருக்கவும்.' பொதுமக்கள் பொறுத்திருந்தார்கள். திருடர்கள்தான் பொறுக்கவில்லை.

பிறகு விசையின் வில் தளர்த்தப்பட்டது. கைக்கு அளவெடுத்து வாதுமை மரத்தில் பிடி செய்தார்கள். குழல் நுனியில் இருக்கும் முன்குறிக்கு ஆரஞ்சு வண்ணம் பூசப்பட்டது. ரிவால்வர் மாப்பிள்ளை மாதிரி ஆனது. குண்டுகள் கீழே இடதுபுறமே போயின. வலதுசாரிக் கட்சிக்காரரான டுவைட்டுக்கு ரத்தம் கொதித்தது.

"இடது பக்கம் சாயற துப்பாக்கிய இந்த மாவட்டம் ஒருநாளும் பொறுத்துக்காது!"

தேர்வு நாள் வந்தது. நடத்துபவர் துணை ஷெரீஃப் நடீன் கெஸ்லர். அவர் எதையும் பழக்கப்படுத்தாமல், எந்தத் துப்பாக்கியைக் கொடுத்தாலும் காகித மனிதனின் நெஞ்சில் ஓட்டை போடும் மரியாதை கெட்ட பெண்மணி. ரிவால்வரில் தோட்டாக்களை அவரே போட்டார். நல்ல தோட்டாக்களுக்கு நடுவில், ஏற்கெனவே சுட்டு முடித்த ஒரு காலித் தோட்டாவையும் சத்தமில்லாமல் செருகிவைத்தார்.

ஷெரீஃப் சுட்டார். டமால். கீழே இடதுபுறம். மறுபடி விசையை இழுத்தார். 'டிக்' என்றது. வெடிக்கவில்லை. ஆனால் குழல் மடாரென்று தலைகுனிந்தது.



"வெடிச்சப்புறம் உதைக்கறது சரி ஷெரீஃப்," என்றார் நடீன். "வெடிக்காமயே ஏன் குனியுது?"

வர்ஜிலுக்குத் தெரியும். சீருடை போட்ட முதல் நாளிலிருந்தே தெரியும். அந்தச் சத்தம் வரப்போகிறது என்றாலே அவருக்குக் கண் மூடிக்கொள்ளும், மணிக்கட்டு தாழும். இதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது வெட்கமாக இருந்தது. கூடவே, ஒழிந்தது சனியன், சொல்லிவிட்டால் நிம்மதி என்றும் இருந்தது. அவர் வாயைத் திறந்தார்.

"டுவைட், அது வந்து..."

"பாத்தீங்களாய்யா!" என்று டுவைட் துள்ளினார். "வெடிக்கறதுக்கு முன்னாடியே குனியுது. துப்பாக்கி பயப்படுது!"

லெஸ்டர் ரிவால்வரைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, துக்க வீட்டில் பேசுகிற குரலில், "இரும்புலயே நரம்புத் தளர்ச்சி," என்றார்.

"கண்ணை மூடினது யாரு?" என்றார் நடீன். "துப்பாக்கிக்குக் கண்ணு இருக்கா?"

"அப்புறம் முன்குறிக்கு எதுக்கு ஆரஞ்சு பெயின்ட் அடிச்சோம்? நீ சொல்லு மச்சான்."

எல்லோரும் வர்ஜிலைப் பார்த்தார்கள். அவர் கை தானாகப் போய் நட்சத்திரத்தைத் தொட்டுப் பார்த்தது.

"கொஞ்ச நாளாவே," என்றார் ஷெரீஃப், "எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு."

ரிவால்வருக்குத் 'தைரியம் ஊட்டும் பொறுப்பு' நடீனிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே சுட்டார். காகித மனிதனின் நெஞ்சு சல்லடையானது. கைதட்டல் வானைப் பிளந்தது. ரிவால்வர் தேர்ச்சி பெற்றது. ரிவால்வர் பெறும் தேர்ச்சி அதன் உரிமையாளருக்கே சொந்தம் என்பதால், ஷெரீஃபும் தேர்ச்சி பெற்றார்.

மறுவாரம் தீவனக் கடையில் கொள்ளை. கல்லாப் பெட்டியோடு ஓடியவனை நோக்கி ஷெரீஃப் சுட்டார். குண்டு கீழே இடதுபுறம் போய், அவர் ஜீப்பின் டயரிலேயே பாய்ந்தது. கொள்ளைக்காரன் நின்று, சிரித்து முடித்து, அப்புறம்தான் வண்டியைக் கிளப்பினான்.

விசாரணைக் குழு கூடியது. தேர்ச்சி பெற்ற ரிவால்வர் ஏன் தவறியது? அதைக் கடைசியாகப் பழக்கியது யார்? கேள்வி கேட்கப்பட்ட உடனேயே பதில் கிடைத்துவிட்டது. அந்த அளவுக்குத் துல்லியமான விசாரணை.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க ஷெரீஃப்," என்றார் நடீன். "நான் என்னைக்காவது தவறவிட்டிருக்கேனா?"

"ஒருதடவைகூட இல்ல நடீன்," என்றார் வர்ஜில், மேசையைப் பார்த்தபடி. "அதான் அதோட கஷ்டம் உனக்குப் புரியல."

குறி தவறிய குற்றத்துக்காக சால்ட்டர் க்ரீக்கில் வேலை இழந்த ஒரே ஆள் நடீன் கெஸ்லர். பணிநீக்க ஆணையில் ஷெரீஃப் கையெழுத்துப் போட்டபோது கண் மூடவில்லை, மணிக்கட்டு தாழவில்லை. அன்றைக்கு மட்டும் அவர் குறி தப்பவே இல்லை.